முள் நடுவில் நிற்கிறது

காரில் வேகம் காட்டுகிற வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன முள் இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது காட்டும். கீழே நீலக் கோடு, மேலே சிவப்புக் கோடு. காரை இயக்கிச் சில நிமிடங்களில் முள் நடுவுக்கு வரவேண்டும். வந்தால் அங்கேயே நிற்கவேண்டும். வெயிலில் நின்றாலும் சரி, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஓடினாலும் சரி, அதற்கு மேலே அது போகக் கூடாது. இவ்வளவுதான் விசயம். கார் வைத்திருக்கிற ஒருவர் தெரிந்திருக்க வேண்டியது இதைவிடக் குறைவாக இருக்க முடியாது. என் அக்காவின் கணவர், அத்தானுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே எட்டு மாதம் அந்த முள்ளைப் பார்க்காமல் காரோட்டினார். நான் பின் இருக்கையின் நடுவில், அவருடைய தலைக்கும் அக்காவுடைய தலைக்கும் இடையால், எட்டு மாதமும் அதையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த முள் நினைவுக்கு வராமல் அத்தானை நினைக்க என்னால் முடியவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவில், கரம்பொனில். அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். தங்கச்சி நான் கலியாணம் செய்யவில்லை. தபாற்கந்தோரில் வேலை. பெற்றோர் போன பிறகு அக்காவோடும் அத்தானோடும்தான் இருந்தேன். அவர்களுக்கு ஒரே மகன், வெளிநாட்டில். அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று வந்தபோது அவன்தான் அந்தக் காரை வாங்கித் தந்தான். காலை ஏழு மணிக்கு அக்கா அங்கே கட்டிலில் இருக்கவேண்டும். நான்கு மணித்தியாலம் மெசின் ஓடும். பிந்திப் போனால் அடுத்த நோயாளி காத்திருப்பார். நான்கு மூன்றாகும், இரண்டாகும். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் தேங்கும், காலில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறும். டொக்டர் எங்கள் மூன்று பேரையும் கதிரைகளில் இருத்தி வைத்து இதைச் சொன்னார். பஸ்ஸில் போய் வருகிற நோயாளிகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மெசினிலிருந்து இறங்கும்போது அக்காவுக்கு நிற்கக்கூட ஏலாது. ஆகவே அந்தக் கார் எங்களுக்குப் பவிசு இல்லை. அது ஓடினால் அக்கா இருப்பாள். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அத்தானைப் பற்றி நல்லதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு முன்னால் எழும்புகிறவர் அவர். அக்காவுக்குச் சுடுதண்ணீர் வைப்பார். அவளுடைய காலில் வீக்கம் இருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவார். அக்கா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அளவுக்கு ஒரு போத்தலில் கோடு கீறி வைத்திருந்தார். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு விடமாட்டார். அவள் கெஞ்சினாலும் விடமாட்டார். தன்னுடைய மனைவியின் உடம்பை அப்படிக் கவனித்த மனுசன் அவளை ஏற்றிப் போகிற எஞ்சினை ஏன் அப்படிக் கைவிட்டார் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான், அதுவும் எனக்குப் பிடிக்காத பதில். அவர் அதைக் கைவிடவில்லை. அவருடைய பார்வையில் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அவர் இளவயதில் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். கலவரம் வந்த ஒருநாள் காலையில் கடை இருந்தது, பின்னேரம் இருக்கவில்லை. ஒரு சூட்கேசோடு ஊருக்கு வந்தார். அதற்குப் பிறகு எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் அதை வந்தபடியே வைத்திருப்பதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. மகன் அனுப்பிய காசில் வாங்கிய கதிரைகளின் பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. அதில் இருந்தால் தொடை ஒட்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கடைக்காரர் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அவர் மட்டும் இப்படி இல்லை, பாதி வீடுகள் இப்படித்தான். கார் வாங்கப் போனபோதும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, எஞ்சின் திறந்ததோ?" விற்றவர், "இல்லை ஐயா, கைபடாத எஞ்சின்," என்றார். பழைய கார் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு தடவை திறந்து பூட்டிய எஞ்சின் என்றால் மதிப்பு இறங்கிவிடும். அத்தானுக்கு அந்தச் சொல் போதும். கோயிலடியில், சந்தையில், பார்க்க வந்த சொந்தக்காரரிடம், "கைபடாத எஞ்சின்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த எஞ்சினில் கைவைப்பது ஒரு குற்றம் என்று தானே நம்பிவிட்டார்.

அடுத்தது தண்ணீர். இது தெரியாமல் மிச்சம் விளங்காது. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று பவுசர் லொறியில் கொண்டுவந்து நீலத் தாங்கியில் நிரப்புகிற நல்ல தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவும். மற்றது வளவுக்குள் இருக்கிற கிணற்றுத் தண்ணீர். அது உவர். வாயில் வைத்தால் துப்பவேண்டும். குளிக்க, உடுப்புத் தோய்க்க, முற்றம் தெளிக்க அதுதான். பிறந்த நாளிலிருந்து எங்கள் கைக்கு இது பழக்கம். எந்த வேலைக்கு எந்த வாளி என்று நாங்கள் யோசிப்பதில்லை. நல்ல தண்ணீரில் கை கழுவினால் அம்மா அடித்திருக்கிறா. காருக்குத் தண்ணீர் விடவேண்டும் என்றபோது அத்தான் என்னிடம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கானைத் தந்தார். நான் கிணற்றடிக்குப் போனேன். அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. குடிக்கிற தண்ணீரைக் காருக்கு விடுகிற விசர் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் புறப்பட முதல் அந்தக் கானை நிரப்பிக் காரின் பின்பக்கத்தில் வைப்பது என்னுடைய வேலையாயிற்று.

முதலில் மாதத்தில் ஒரு தடவை விட்டால் போதுமாக இருந்தது. பிறகு கிழமைக்கு ஒரு தடவை. கார் நிற்கிற இடத்தில் நிலம் காய்ந்து கிடந்தது, ஒழுக்கு இல்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது? எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் விடுகிற தண்ணீர் எங்கேயோ போகவேண்டும் என்று தெரியும். காலையில் இயக்கும்போது பின்னால் வெள்ளைப் புகை வரத் தொடங்கியது. "பனி," என்றார் அத்தான். மாசி மாதத்தில் பனி என்றார், சரி. சித்திரையிலும் பனி என்றார். ஒருநாள் ஒயில் பார்க்க மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தில் பால் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் நுரை அப்பியிருந்தது. ஒயில் கறுப்பாக இருக்கும், அல்லது தேன் நிறத்தில் இருக்கும். பால் நிறத்தில் இருக்காது என்று எனக்கே தெரிந்தது. அவர் அதைச் சாரத் தலைப்பால் துடைத்துவிட்டு மூடியைப் பூட்டினார். நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும். முள்ளும் அப்போதே ஏறத் தொடங்கிவிட்டது. வேலணை வரைக்கும் நடுவில் நிற்கும். மண்கும்பான் வரும்போது ஒரு விரல் மேலே போயிருக்கும். பண்ணைத் தெருவில் கடலுக்கு நடுவில் போகும்போது சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட நிற்கும்.

"அத்தான், முள் ஏறுது."

"அது அப்பிடித்தான். பழைய மீற்றர்."

"யாழ்ப்பாணத்திலை ஒரு கராஜிலை காட்டுவம். அக்கா மெசினிலை கிடக்கிற நாலு மணித்தியாலமும் நாங்கள் சும்மாதானே இருக்கிறம்."

"காட்டினால் என்ன சொல்லுவான்? திறக்கவேணும் எண்டுவான். அவன்ர தொழில் அது. திறந்த எஞ்சின் பிறகு ஒருநாளும் பழைய எஞ்சின் ஆகாது. உமக்கு உது விளங்காது, பேசாமல் இரும்."

அவர் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் கோபம். அதைவிடப் பெரிய கோபம் நான் பேசாமல் இருந்ததில். பெண்பிள்ளைக்கு எஞ்சின் விளங்காது என்று அவர் நினைத்தார் என்றால், நானும் பாதிக்குப் பாதி அப்படித்தான் நினைத்தேன். மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அங்கேயிருந்து தகப்பனைத் திட்டி அனுப்பியிருப்பான். சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே நடக்கிற கெட்டதைச் சொல்லக் கூடாது, அதுகள் அங்கே தனியக் கிடந்து பயப்படும், வேலைக்குப் போகாதுகள். இது எங்கள் வீடுகளின் சட்டம். அவன் எடுக்கும்போது, "கார் எப்பிடி?" என்று கேட்பான். "நல்லா ஓடுது," என்று அத்தான் சொல்வார், அக்கா சொல்வாள், போன் என் கைக்கு வந்தால் நானும் சொல்வேன். மூன்று பேரும் வரிசையாக நின்று பொய் சொன்னோம்.

அக்கா மட்டும்தான் அதைப் பகிடியாக்கினாள். அவளுடைய இடது கையில், மெசினின் ஊசி குத்துவதற்காக இரத்தம் ஓடுகிற நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் தோலுக்குக் கீழே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது அதிர்ந்தால் நல்லது, நின்றால் ஆபத்து. முன் இருக்கையில் இருந்துகொண்டு கையை நீட்டி, "இஞ்சை தொட்டுப் பாருங்கோ, என்ர எஞ்சின் நல்லா ஓடுது. நீங்கள் உங்கட எஞ்சினைப் பாருங்கோ," என்பாள். அத்தான் சிரிக்கமாட்டார், ஆனால் ஒரு கையால் தொட்டுப் பார்ப்பார். மண்கும்பானில் தெருவோரம் நிறுத்தி அவர் கானிலிருந்து தண்ணீர் விடும்போது அவள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பாள். "எனக்கு ஒரு மிடறு கூடக் குடிக்கக் கூடாது. உந்தக் காருக்கு ஒரு கான் குடிச்சும் தாகம் அடங்கேல்லை. ரெண்டு பேருக்கும் ஆளுக்காள் வருத்தத்தை மாத்தி வைச்சிருக்கலாம்." மண்கும்பானில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருக்கின்றன. பவுசர்கள் அந்தப் பக்கத்தில்தான் நிரப்பும். நாங்கள் அந்தக் கிணறுகளைத் தாண்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன உப்புத் தண்ணீரை அங்கே நின்று காருக்கு விட்டுக்கொண்டிருந்தோம்.

வைகாசியில் அத்தான் ஒரு வித்தை கண்டுபிடித்தார், அல்லது யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். குளிர்காலத்துக்கென்று காரில் இருக்கிற ஹீற்றரை முழுக்கத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு உள்ளே வரும், முள் கொஞ்சம் இறங்கும். உண்மையில் இறங்கியது. ஆனால் அந்தச் சூடு எங்கே வரும்? அக்காவின் முகத்துக்கு வரும். வைகாசி வெயிலில், நான்கு கண்ணாடியும் இறக்கி, மாவறுக்கிற தாச்சிக்கு முன்னால் இருப்பதுபோல அவள் இருந்தாள். வியர்வை நாடியிலிருந்து கழுத்துக்கு ஒழுகியது. ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீரோடு உயிர்வாழ்கிற ஆள் அவள். உதடு வெடித்துவிட்டது. "ஒரு ஐஸ்துண்டு வாயில வைச்சிருக்கட்டே?" என்று கேட்டாள். அத்தான் கோட்டைத் தாண்டாதவர், வேண்டாம் என்றார். நான் களவாக ஒரு துண்டு, இரண்டு துண்டு கொடுத்தேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் நிறை பார்த்தபோது நேர்ஸ் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, தண்ணி கூடிப்போச்சு," என்றா. எஞ்சினைத் திறக்காமல் காப்பாற்றுவதற்காக அவளைக் காய்ச்சினோம். இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பண்ணைத் தெருவின் நடுவில் கார் நின்றது. முதலில் முள் சிவப்பைத் தாண்டியது. நான் சொன்னேன். "இன்னும் ஒரு கட்டைத் தூரம்தானே, போயிடுவம்," என்றார் அத்தான். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இழுவை போயிற்று. பிறகு ஒன்றும் இல்லை. பொனற்றைத் தூக்கியதும் நீராவி சீறியது. கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திருகினார், சூடான தண்ணீர் பாய்ந்து முன்கையை அவித்தது. கானில் இருந்ததை மண்கும்பானிலேயே விட்டு முடித்திருந்தோம். இரண்டு பக்கமும் கடல். வெறும் கானைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து இருந்தபடி சொன்னாள், "போய் அள்ளி விடுங்கோ. அதையும் குடிச்சுப் பாக்கட்டும்." அவர் கானைக் கீழே வைத்தார். காற்று அதை உருட்டிக்கொண்டு போனது. ஓடிப் பிடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வந்த ஓர் ஓட்டோவில் அக்காவை ஏற்றிக்கொண்டு நான் போனேன். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். எங்களைத் திட்டவில்லை, இடம் தேடித் தந்தார்கள், ஆனால் இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது. காரை இழுத்துக்கொண்டு போய் அத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் விட்டார். அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியப் போகப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

கராஜ்காரர் நாற்பது வயதுக்காரர், அமைதியான ஆள். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி ஒரு மேசையில் வைத்திருந்தார். அத்தான் அதைக் கண்டதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்ததுபோல. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற துளைகளின் ஓரம் எல்லாம் கறையான் தின்ற மரம்போல அரித்துக் கிடந்தது. வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அவர் ஸ்குரூ டிரைவர் நுனியால் அதைச் சுரண்டி உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"ஐயா, என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி."

"எந்த ஊர்?"

"கரம்பொன்."

அவர் உள்ளங்கையில் இருந்ததைத் தட்டிவிட்டார். "தீவுப் பக்கத்துக் கார் வந்தால் நான் முதல் கேக்கிறது இதைத்தான். உந்தத் தண்ணியை நீங்கள் குடிப்பியளோ? குடிக்கமாட்டியள். பிறகேன் உதுக்குக் குடுத்தனீங்கள்?" என்றார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது. தண்ணீர் அள்ளினது நான். ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கானை நிரப்பினது என்னுடைய கை. "எத்தினை நாளா முள் ஏறுது?" என்று அவர் கேட்டார். "ஒரு ரெண்டு கிழமை," என்றார் அத்தான். "எட்டு மாசம்," என்றேன் நான். கராஜ்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரை நம்புவது என்று முடிவெடுத்தவர்போல என்னிடம் சொன்னார். "அக்கா, எட்டு மாசத்துக்கு முந்திக் கொண்டுவந்திருந்தால், ரேடியேற்றரைக் கழுவி, ஒரு சின்ன வால்வை மாத்தி, தண்ணிக்குப் பதிலா நல்ல கூலன்ற் விட்டுத் தந்திருப்பன். அண்டைக்குப் பின்னேரமே எடுத்துக்கொண்டு போயிருப்பியள். உள்ளுக்குக் கைவைக்கத் தேவையே வந்திருக்காது. இப்ப உந்த மேல்பாகம், ஹெட், வளைஞ்சு போச்சு, இடையில இருக்கிற காஸ்கெற் எரிஞ்சு, தண்ணியும் ஒயிலும் கலந்து கிடக்கு. வேற ஹெட் கொழும்பிலதான் தேடவேணும். மூண்டு கிழமை. கூட நாளும் செல்லும்."

"தம்பி, இப்போதைக்கு ஓடக்கூடியதா ஏதாவது..." என்று அத்தான் தொடங்கினார்.

"அரைகுறையாச் செய்து தரமாட்டன் ஐயா. உங்கட காரில வருத்தக்கார ஆள் போறா எண்டு சொன்னியள். திரும்பவும் பண்ணையில நிண்டால் நான்தான் பதில் சொல்லவேணும்."

அந்த ஆளில் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கதையில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். கோபப்பட ஆள் தேடுகிறபோதெல்லாம் அவரை விட்டுவிட்டுத் திரும்பி எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன்.

காரில்லாத கிழமைகளில் ஓட்டோவில் போனோம். கரம்பொனிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம். தெருவில் ஒவ்வொரு பள்ளமும் அவளுடைய முதுகில் ஏறியது. திரும்பி வரும்போது என்னுடைய மடியில் தலைவைத்துக் கிடப்பாள், தலை பந்துபோல எழும்பி விழும். கொஞ்சக் காலத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுத்து இருப்போம் என்றேன். "மூண்டு கிழமைக்கு ஏன் இன்னொரு வீடு?" என்றாள் அக்கா. மூன்று கிழமை நான்காயிற்று. கொழும்பிலிருந்து வந்த முதல் ஹெட் பொருந்தவில்லை என்று கராஜ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நாட்களில் அத்தான் ஒவ்வொரு பின்னேரமும் அவருக்குப் போன் எடுப்பார். "இன்னும் வரேல்லையாம்," என்று சொல்லிவிட்டு, பொலித்தீன் உறை போட்ட கதிரையில் போய் இருப்பார்.

ஐந்தாவது கிழமை செவ்வாயன்று ஓட்டோ வாசலில் நின்றபோது அக்கா எழும்பவில்லை. "இண்டைக்கு என்னால ஏலாது. கார் வந்திடும்தானே, வெள்ளிக்கிழமை காரில போவம்," என்றாள். நான் கத்தினேன். அத்தானும் கெஞ்சினார். ஆனால் எங்கள் கெஞ்சலில் பலம் இருக்கவில்லை. எட்டு மாதம் எங்கள் பேச்சை நம்பி ஓட்டைக் காரில் ஏறி இருந்தவள் அவள். இப்போது ஏறமாட்டேன் என்று சொல்கிற உரிமை அவளுக்கு வந்துவிட்டதுபோல எங்களுக்கே தோன்றியது. ஓட்டோவைத் திருப்பி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை கார் வரவில்லை. அவளும் எழும்பவில்லை. அப்போது முகம் வீங்கியிருந்தது. படுக்க ஏலாது, படுத்தால் மூச்சு வராது. அத்தானின் அந்தக் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி, கார் எப்போது வரும் என்று ஒரு தடவை கேட்டாள். நான் அம்புலன்சுக்குப் போன் எடுத்துவிட்டு, தூக்க ஆள் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடித் திரும்பி வந்தேன். பத்து நிமிடம்கூட இல்லை. வெயில் ஏறிய நேரம். அத்தான் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூக்கில் கைவைத்துப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கி, அந்தத் தையல் இருந்த இடத்தில் விரலை வைத்தேன். வெறும் தோலாக இருந்தது.

அவளுக்கு எப்படியும் அதிக காலம் இருந்திருக்காது என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். ஒரு வருடமோ ஆறு மாதமோ அவள் இருந்திருப்பாள், பகிடி விட்டிருப்பாள். அந்த ஆறு மாதத்தை நாங்கள் ஒரு எஞ்சினைக் காட்ட மறுத்துத் தொலைத்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை கார் தயார் என்று போன் வந்தது. அத்தானோடு நானும் போனேன். கராஜ்காரருக்கு விசயம் தெரிந்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கதைக்காமல் எஞ்சினை இயக்கி, பத்து நிமிடம் ஓடவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் அந்த முள்ளைப் பார்க்கச் சொன்னார். அது மெதுவாக ஏறி நடுவுக்கு வந்து நின்றது. "இதுதான் இடம். இதுக்கு மேல போனால் உடன ஓரமாக்கி நிப்பாட்டுங்கோ. வீட்டை போய்ச் சேருவம் எண்டு ஓடாதேங்கோ. சூட்டோட மூடியைத் திறக்காதேங்கோ. இந்தச் சிவப்புக் கூலன்ற்றைத் தவிர வேறொண்டும் விடாதேங்கோ," என்றார். அத்தான் ஒவ்வொன்றுக்கும் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றார். முன்கையில் வெந்த இடம் அப்போதுதான் தோல் உரிந்து ஆறியிருந்தது. வீடு வரும்வரைக்கும் முள் அசையவில்லை. பண்ணையிலும் அசையவில்லை, மண்கும்பானிலும் அசையவில்லை. நான் வழமைபோலப் பின் இருக்கையின் நடுவில் இருந்தேன். முன் இருக்கையில் யாரும் இருக்கவில்லை. அதனால் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

இவ்வளவும் போன வருடம். இப்போது அத்தான் மகனோடு வெளிநாட்டில். தகப்பனைத் தனிய விடக் கூடாது என்று வந்து கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அத்தான் காரின் திறப்பை என் கையில் தந்து, கிழமைக்கு இரண்டு தடவை இயக்கி வைக்கச் சொன்னார். எந்த நாட்கள் என்று சொல்லவில்லை. நான் செவ்வாயும் வெள்ளியும் இயக்குகிறேன். எனக்குக் காரோட்டத் தெரியாது. சாரதி இருக்கையில் இருந்து திறப்பைத் திருகுவேன், பத்து நிமிடம் இருப்பேன், நிறுத்துவேன். பின்னால் புகை இல்லை. ஒயில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தேன் நிறம். இவ்வளவு நல்ல எஞ்சின் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

போன மாதம் வேலணையிலிருந்து ஒருவர் காரை வாங்கலாமா என்று பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்தார், ரயரை உதைத்துப் பார்த்தார், இயக்கிக் காது கொடுத்துக் கேட்டார். திருப்திதான். பிறகு கேட்டார், "எஞ்சின் திறந்ததோ?"

"ஓம். திறந்தது," என்றேன். "பிந்தித் திறந்தது."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "கைபடாததெண்டால் யோசிக்கலாம், அக்கா," என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தார். அவரைத் தடுத்து நிறுத்தி முழுவதையும் சொல்லவேண்டும்போல இருந்தது. அவருடைய வீட்டுக் கிணறும் உவராகத்தான் இருக்கும். சொல்லவில்லை. அந்த மனுசரின் காதிலும் ஏறியிருக்காது.

அத்தான் வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். நான் காரில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் எடுக்கிறார். அங்கே நேரம் என்ன என்று நான் கேட்பதில்லை. என்னுடைய சுகமும் அவர் கேட்பதில்லை, அக்காவின் பேரும் எடுப்பதில்லை. அந்த எட்டு மாதமும் நான் சொல்லச் சொல்லக் கேட்காத ஒன்றை மட்டும் இப்போது கேட்கிறார்.

"முள் எங்கை நிக்குது?"

"நடுவிலை."

"கூடேல்லையே?"

"இல்லை."

அதோடு கேள்வி முடிந்துவிடும். ஆனால் போனை வைக்கமாட்டார். எஞ்சின் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பத்து நிமிடம் ஆனதும் திறப்பைத் திருகி நிறுத்துவேன்.